தலையில் ஏற்கெனவே டை ஏறியிருக்கிறதா: கேட்பதா, பார்ப்பதா, முடியை வெட்டிச் சோதிப்பதா?

கல்யாண ரிசப்ஷனுக்கு ஹைலைட்ஸ் போடச் சொல்லி ஒரு பெண் பார்லருக்கு வருகிறாள். பின்னலை அவிழ்த்தால் இடுப்புவரை கருகருவென்று முடி. "இதுக்கு முன்னாடி எதுவும் போட்டதில்லை அக்கா" என்கிறாள். அதை நம்பி ப்ளீச்சைக் குழைப்பதா, ஒரு கொத்து முடியை எடுத்துச் சோதித்துவிட்டுத் தொடுவதா? வேலூர்ப் பக்கம் புதிதாகப் பார்லர் வைத்திருப்பவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தயங்குகிறார்கள். வீட்டிலேயே கலர் போட்டுக்கொள்கிறவர்களுக்கும், சவுரி வாங்கப் போகிறவர்களுக்கும் இதே சந்தேகம் உண்டு.

தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு ஏறிய நிரந்தரச் சாயத்தை இன்னொரு சாயத்தால் வெளுக்க முடியாது. கருப்பு டை ஏறிய முடியின் மேல் செம்பழுப்புக் கலரைப் போட்டால், புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதி மட்டும் பளிச்சென்று மாறும், கீழே இருப்பது கருப்பாகவே நிற்கும். ப்ளீச் போட்டால் சாயம் ஏறிய இடமும் ஏறாத இடமும் வெவ்வேறு வேகத்தில் வெளுத்து, தலையில் பட்டை பட்டையாக நிற்கும். உலோக உப்பு கலந்த பழைய சாயம் இருந்துவிட்டால் முடியே சூடாகி உதிர்ந்துபோகலாம்.

கண்டுபிடிக்க வழிகள் ஐந்து இருக்கின்றன. எல்லாவற்றையும் எல்லாருக்கும் செய்யத் தேவையில்லை. அடுத்து அந்தத் தலையில் என்ன போடப்போகிறீர்கள் என்பதை வைத்துத்தான் எந்தச் சோதனை என்று முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் நான்கு விஷயங்களில் உரசிப் பார்க்கலாம். அந்தச் சோதனை எவ்வளவு காலம் பின்னால் போய்ச் சொல்லும்? எந்தெந்த வகையைப் பிடிக்கும் (பவுடர் டை, க்ரீம் கலர், மருதாணி, உலோக உப்பு எல்லாம் ஒன்றல்ல)? அதற்கு என்ன செலவு? காசு மட்டும் செலவில்லை, நேரம், வெட்டப்படும் முடி, அறையில் நிற்கும் நெடி, வாடிக்கையாளரின் பொறுமை எல்லாமே கணக்கில் வரும். கடைசியாக, அது தப்பாகச் சொன்னால் நஷ்டம் எவ்வளவு?

இவற்றுக்கு முன்னால் ஓர் அளவை எடுத்துவிட வேண்டும். முடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளரும். தோள் தாண்டி 30 செ.மீ. நீளம் இருந்தால், நுனிக்கு இரண்டு முதல் இரண்டரை வயது. 75 செ.மீ. பின்னல் என்றால் நுனி முளைத்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். அந்தப் பெண் பள்ளிக்கூடம் முடித்த கோடை விடுமுறையில் தோழிகளோடு சேர்ந்து போட்ட கலர் இன்னும் அந்த நுனியில் இருக்கலாம். அவள் மறந்திருப்பாள், முடி மறக்காது. 5 செ.மீ. கிராப் வைத்திருக்கும் ஆணுக்கோ வரலாறே நான்கைந்து மாதம்தான். அவர் ஒரு வருடம் முன்னால் என்ன அடித்திருந்தாலும் அது எப்போதோ சலூன் தரையில் விழுந்து பெருக்கப்பட்டிருக்கும்.

ஆகவே முதலில் கையில் எடுக்க வேண்டியது டேப்.

## 1. கேட்டுத் தெரிந்துகொள்வது

செலவே இல்லாத வழி. ஆனால் "டை அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் தப்பான பதில்தான் வரும். பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. மருதாணியை யாரும் டை என்று எண்ணுவதில்லை. கடையில் வாங்கும் கருப்பு ஹென்னா பாக்கெட்டையும் "மூலிகைதானே" என்று அதே கணக்கில் சேர்த்துவிடுவார்கள். அந்தப் பாக்கெட்டுகள் பலவற்றில் வேலை செய்வது மருதாணி இல்லை, பிபிடி எனப்படும் பாரா-ஃபினைலீன்டயமின் என்ற வேதிப்பொருள். க்ரீம் டையிலும் பவுடர் டையிலும் இருக்கிற அதே பொருள். வெறும் மருதாணி இலை கருப்பைத் தரவே தராது, அது தருவது செம்மை. எனவே "கருப்பா வர மருதாணி" என்று ஒருவர் சொன்னால் டை என்றே எழுதிக்கொள்ளுங்கள். அவுரி (நீலச் சாயம் தரும் இண்டிகோ இலை) கலந்திருந்தால் மட்டும் விதிவிலக்கு. அதற்கும் தனி வில்லங்கம் உண்டு, பின்னால் வருகிறேன்.

கேள்வியை மாற்றிக் கேட்டால் பதிலும் மாறும். என் அனுபவத்தில் இந்தப் பக்கத்தில் நன்றாக வேலை செய்யும் கேள்வி: "கடைசியா எப்போ மொட்டை போட்டீங்க?" திருப்பதி இங்கிருந்து கூப்பிடு தூரம். திருத்தணி, வள்ளிமலை என்று வேண்டுதல்களுக்கும் குறைவில்லை. பெண்கள் உட்பட முடி இறக்கியவர்கள் ஏராளம். மொட்டை போட்டு இரண்டு வருடம் என்றால் அதற்கு முந்தைய சாயம் எதுவும் தலையில் இல்லை என்பது உறுதி. எந்தச் சோதனையும் இவ்வளவு திட்டமாகச் சொல்லாது.

அடுத்து, நுனியின் வயதைக் கணக்கிட்டு அந்தக் காலத்தையே பெயர் சொல்லிக் கேளுங்கள். "நீங்க காலேஜ் சேர்ந்தப்போ தலைக்கு ஏதாவது வச்சீங்களா? மருதாணி? ஹென்னா? யாராவது விளையாட்டுக்குப் பூசிவிட்டாங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் ஞாபகம் வந்துவிடும். கூட வந்திருக்கும் அம்மாவையோ தங்கையையோ கேட்டால் இன்னும் சீக்கிரம் வரும். ஸ்ட்ரெயிட்னிங், ஸ்மூத்தனிங் செய்ததையும் கையோடு கேட்டுக்கொள்ளுங்கள். அது சாயம் இல்லை. ஆனால் ப்ளீச் அதே முடியைத்தான் தாக்கப்போகிறது.

கேட்பதால் மட்டும் கிடைக்கும் தகவல் ஒன்று உண்டு, அது அலர்ஜி. முன்பு டை அடித்தபோது நெற்றி வீங்கியதா, காது மடல் அரித்ததா, கண் இமை தடித்ததா என்பதை எந்த முடிச் சோதனையும் சொல்லாது. பல வருடம் ஒன்றும் செய்யாத டை ஒருநாள் ஒத்துக்கொள்ளாமல் போவதும் நடக்கும். கையில் போட்ட கருப்பு மெஹந்தி டிசைன் கொப்பளித்த அனுபவம் இருக்கிறதா என்றும் கேளுங்கள், அதற்கும் பிபிடிதான் பெரும்பாலும் காரணம். இதில் ஒன்றுக்கு "ஆமாம்" என்று பதில் வந்தாலும் அன்றைக்கு டையைத் தொடாமல் தோல் மருத்துவரிடம் அனுப்புவதுதான் சரி. "ஒன்றும் ஆனதில்லை" என்றாலும் 48 மணி நேரத்துக்கு முன் பேட்ச் டெஸ்ட் (தோலில் கொஞ்சம் தடவி அலர்ஜி வருகிறதா என்று பார்ப்பது) செய்துவிடுங்கள்.

இந்த வழியின் மறைந்த செலவு கூச்சம். நரையை மறைப்பவர் மாமியார் பக்கத்தில் இருக்கும்போது ஒப்புக்கொள்ள மாட்டார். தனியாகக் கேளுங்கள். மொழியும் ஒரு தடை. தோட்டப்பாளையம் சுற்றுவட்டாரத்தில் சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வந்து வாரக்கணக்கில் தங்கியிருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் அரைகுறை இந்தியில் கேட்டு வாங்கும் பதிலை நம்பி ப்ளீச் வரை போகக்கூடாது. அங்கே கண்ணையும் கொத்து முடியையும் நம்புங்கள்.

## 2. வெளிச்சத்தில் பார்ப்பது

இதைச் சரியாகச் செய்தால் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். தப்பாகச் செய்தால் வீண்.

முதல் தப்பு, எண்ணெய்த் தலையைப் பார்ப்பது. தேங்காய் எண்ணெய் ஊறிய முடி எல்லாமே ஒரே கருப்பாக, ஒரே பளபளப்பாகத் தெரியும். ஷாம்பு போட்டு அலசி, கண்டிஷனர் இல்லாமல் காயவைத்த பிறகுதான் பார்க்க வேண்டும். இரண்டாவது தப்பு, பார்லர் கண்ணாடியைச் சுற்றி எரியும் மஞ்சள் விளக்கு. வாசலுக்குக் கூட்டி வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். உச்சி வெயில் வேண்டாம், காலை பத்து மணி வெளிச்சம் போதும்.

பார்க்க வேண்டிய இடங்கள்: வகிடு, காதோரம், பிடரி, அப்புறம் மேல் அடுக்கைத் தூக்கினால் தெரியும் உள்ளடுக்கு. நிரந்தரச் சாயம் போட்டுச் சில மாதம் ஆகியிருந்தால் வேரிலிருந்து ஏதோ ஓர் இடத்தில் கோடு தெரியும். அதற்கு மேலே ஒரு நிறம், கீழே வேறு நிறம். தடயவியல் ஆய்வகங்களிலும் முடியை நுண்ணோக்கியில் வைத்து இந்தக் கோட்டைத்தான் தேடுகிறார்கள். வேரிலிருந்து கோடு வரை அளந்தால் சாயம் போட்டு ஏறக்குறைய எத்தனை மாதம் என்றும் தெரிந்துவிடும். நீங்களும் அளக்கலாம். 6 செ.மீ. என்றால் ஐந்தாறு மாதம்.

நரை இருப்பவர்களிடம் வேலை சுலபம். சாயமே காணாத நரை வேரிலிருந்து நுனிவரை வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்கும். பழைய கருப்பு டை வெளிறிய நரை மங்கலான செம்பழுப்பாகத் தெரியும். மருதாணி ஏறிய நரையோ செம்பு நிறத்தில் மினுங்கும். மேல்விஷாரம், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் பெரியவர்களின் தாடியில் பார்த்திருப்பீர்கள். அதே நிறம் பெண்களின் காதோர நரையிலும் தெரிந்தால் கேள்வியே தேவையில்லை. கருப்பு முடியின் மேல் மருதாணி ஏறியிருந்தால் நிழலில் ஒன்றும் தெரியாது, வெயிலில் லேசாகச் செம்மை ஓடும்.

நரை இல்லாத இளம் தலைகளில்தான் கண் ஏமாறும். செம்பட்டையாக இருப்பதெல்லாம் கலர் போட்டது இல்லை. வேலூர் வெயில் மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும். துப்பட்டா கூட இல்லாமல் ஸ்கூட்டியில் போய்வரும் பெண்ணின் முடி நுனி வெயிலிலேயே வெளுத்துப் பழுப்பாகும். சத்துக்குறைவாலும் முடி செம்பட்டையாகும். போர் தண்ணீரின் உப்பும் இரும்பும் படிந்தால் முரட்டுத்தனமும் மங்கலும் வரும். இவற்றைச் சாயத்திலிருந்து பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு: மேல் அடுக்கைத் தூக்குங்கள். வெயிலின் வேலை மேல் அடுக்கிலும் நுனியிலும் இருக்கும், உள்ளே போகப் போகக் கருப்பாகும், கோடு இருக்காது, நிறம் மெல்ல மெல்ல மாறும். தலை முழுவதும் போட்ட சாயம் உள்ளடுக்கிலும் அதே நிறத்தில் இருக்கும். மேலடுக்கில் மட்டும் ஹைலைட்ஸ் போட்டிருந்தால் கோடுகோடாக, கொத்துக் கொத்தாகத் தெரியும். வெயில் அப்படிக் கொத்து பார்த்து வெளுக்காது.

மறுபக்கமும் உண்டு. இயற்கையான கருப்பில் இழைக்கு இழை சின்ன வித்தியாசம் இருக்கும், சில இழை அடர்த்தி, சில இழை பழுப்பு. வேர் முதல் நுனி வரை எல்லாம் ஒரே மையாக, நீலம் பாய்ந்த கருப்பாக இருந்தால் டை என்று சந்தேகப்படலாம். சமீபத்தில் அடித்ததென்றால் காது மடலின் பின்புறத்திலோ நெற்றி ஓரத்திலோ கறை மிச்சம் இருக்கும்.

(வரன் பார்க்கப் போகிறவர்களும் இந்தப் பகுதியை ஆர்வமாகப் படிப்பார்கள் என்று தெரியும். மாப்பிள்ளையின் கிருதாவைப் பாருங்கள், போதும்.)

கண் பிடிக்காமல் விடுவது எது? இயற்கை நிறத்துக்கு நெருக்கமான நிறத்தில், அண்மையில், நன்றாகப் போட்ட சாயம். நிறமில்லாத உலோக மிச்சம். மூன்று வருடம் முன் போட்டு, மேலே கருப்பு அடித்து மூடிய ப்ளீச். இந்தக் கடைசி வகை காட்பாடிப் பக்கம் கல்லூரி மாணவர்களிடம் அதிகம். ஊரில் நீலமோ சிவப்போ போட்டிருப்பார்கள், கேம்பஸ் இன்டர்வியூ வந்ததும் அதன் மேல் ஒரு கருப்பு.

## 3. தொட்டும் நனைத்தும் பார்ப்பது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதை நான் பெரிதாக மதிப்பதில்லை.

ஒரு மெல்லிய கொத்தை நுனியில் பிடித்து, விரல்களை நுனியிலிருந்து வேர் நோக்கி ஓட்டினால், ப்ளீச் கண்ட முடி சொரசொரப்பாக இடறும். நனைத்தால் சட்டென்று தண்ணீரைக் குடிக்கும், காயத் தாமதமாகும். ஈரமாக இருக்கும்போது ஓர் இழையை மெதுவாக இழுத்தால், நல்ல முடி கொஞ்சம் நீண்டு பழைய நீளத்துக்குத் திரும்பும். பாழான முடி நீண்டுகொண்டே போய் அறுந்துவிடும்.

இதெல்லாம் முடியின் சேதத்தைச் சொல்லும், சாயத்தைச் சொல்லாது. தினமும் அயர்னிங் பண்ணுகிற முடியும் இப்படித்தான் நடந்துகொள்ளும். மருதாணி போட்ட முடியோ இன்னும் தடிமனாக, நல்ல முடி மாதிரியே தெரியும். டம்ளர் தண்ணீரில் முடி மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் வித்தை இணையத்தில் பிரபலம். முடியில் ஒரு துளி எண்ணெய் ஒட்டியிருந்தாலே அது மிதக்கும். நம்ம ஊர் தலைகளுக்கு அது எதற்கும் உதவாது.

வெள்ளைத் துணியில் ஷாம்பு தொட்டு ஈர முடியைத் தேய்த்துப் பார்ப்பதும் இந்த ரகம்தான். நிறம் இறங்கினால் சாயம் இருக்கிறது என்பது உண்மை. நிறம் இறங்கவில்லை என்றால் எதுவும் நிரூபணமாகாது, பழைய நிரந்தர டை துணியில் ஒட்டாது. சவுரிக்கு மட்டும் இது நல்ல சோதனை.

ஆனால் ஓர் இடத்தில் இழுத்துப் பார்ப்பதை விடக்கூடாது: ப்ளீச்சோ ஸ்ட்ரெயிட்னிங்கோ செய்யப் போகும்போது. முன்பு என்ன போட்டார்கள் என்பது தெரிகிறதோ இல்லையோ, இந்த முடி இன்னொரு அடியைத் தாங்குமா என்பது தெரிந்துவிடும்.

## 4. கொத்து முடியில் கலவையைப் போட்டுப் பார்ப்பது

பார்லர்களில் ஸ்ட்ராண்ட் டெஸ்ட் என்பார்கள். தலையில் போடப்போகிற அதே கலவையை, அதே டெவலப்பரோடு (கலவையில் சேர்க்கும் பெராக்சைடு), ஒரு கொத்து முடியில் முதலில் போட்டுப் பார்ப்பது. ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்வேன். காரணம், "முன்பு என்ன போட்டார்கள்?" என்ற கேள்வியை இது சுற்றி வளைக்காமல் கடந்துவிடுகிறது. நமக்கு உண்மையில் தெரியவேண்டியது "இப்போது போட்டால் என்ன ஆகும்?" என்பதுதானே.

பிடரியின் உள்பக்கத்தில் இருபது முப்பது இழையை வேருக்கு ஒட்டி வெட்டி, வேர்ப்பக்கம் நூலால் கட்டிக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் வேர் என்பது குழம்பிவிட்டால் சோதனையே பாழ். உச்சந்தலையிலும் காதோரத்திலும் வேறு நிறம் தெரிந்தால் அங்கிருந்தும் தனியாக எடுக்க வேண்டும், பிடரி முடி மட்டும் முழுத் தலைக்குச் சாட்சி ஆகாது. கலவையைப் போட்டு ஃபாயிலில் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள்.

எதுவும் காணாத கருப்பு முடி ப்ளீச்சில் வெளுக்கும்போது ஒரு வரிசையில் போகும்: கரும்பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள். வேர் முதல் நுனி வரை ஏறக்குறைய ஒன்றாகவே போகும். சாயம் ஏறிய முடியில் வேர்ப்பக்கம் ஆரஞ்சுக்கு வந்த பிறகும் நடுப்பகுதி அடர் சிவப்பில் அடம் பிடித்து நிற்கும், அல்லது ஓர் இடத்தில் பட்டையாக நிறம் மாறும். அந்தப் பட்டை எங்கே தொடங்குகிறதோ அங்கே பழைய சாயம் தொடங்குகிறது. மருதாணி ஏறிய முடி செம்மையை விடவே விடாது. மருதாணியோடு அவுரிப் பொடி சேர்த்துக் கருப்பாக்கிய முடி ப்ளீச்சில் பச்சையாகத் திரும்பலாம். முன்னால் சொன்ன வில்லங்கம் இதுதான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் அந்தப் பச்சையைத் தலையில் பார்ப்பதைவிட ஃபாயிலில் பார்ப்பது மேல்.

செலவு? முடி வெட்டச் சம்மதம் வேண்டும். தலையில் கத்திரி வைத்தாலே முகம் மாறுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு மாற்று: சீப்பில் உதிர்ந்த முடி. நம் வீடுகளில் அதைச் சுருட்டி, தெருவில் முடி வாங்க வருகிறவருக்கென்று எடுத்துவைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. முதல் நாளே "சீப்பு முடியைச் சுருட்டாமல் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டால் போதும். உதிர்ந்த முடியின் வேர் முனையில் சின்ன வெள்ளைப் புள்ளி இருக்கும், திசை குழம்பாது. ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்: உதிரும் முடி பெரும்பாலும் சில மாதம் முன்பே வளர்ச்சியை நிறுத்தியது. அதில் வேர் வரை சாயம் தெரிந்தால் நேற்றுத்தான் டை அடித்தார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தலையில் இருக்கும் முடியில் அதற்கு மேல் புதிதாக இரண்டு மூன்று செ.மீ. வளர்ந்திருக்கலாம்.

இன்னொரு செலவு நேரம். முழுதாக வெளுக்க விட்டு, அலசி, உலர்த்திப் பார்க்க முக்கால் மணி நேரமாவது வேண்டும். முகூர்த்த நாள் காலையில் அவ்வளவு நேரம் கிடைக்காது. அதனால் பேட்ச் டெஸ்டுக்கு வரும் அதே நாளில் கொத்து முடியையும் எடுத்துவைத்துக்கொள்வது நல்லது, ஒரே வருகையில் இரண்டும் முடியும்.

## 5. பெராக்சைடு, அம்மோனியா சோதனை

இது உலோக உப்புக்கு மட்டும். நரையைச் சிறுகச் சிறுகக் கருப்பாக்குவதாகச் சொல்லி விற்கும் சில தைலங்களிலும், கலப்பட ஹென்னாப் பொடிகளிலும் ஈயம், வெள்ளி, செம்பு உப்புகள் இருக்கலாம். அவை முடியின் மேல் படிந்து நிற்கும். பெராக்சைடு பட்டால் அங்கே என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

செய்முறை எளிது. கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் கிண்ணத்தில் (உலோகக் கிண்ணம் கூடாது) 30 மில்லி 20 வால்யூம் பெராக்சைடு, அதாவது 6 சதவீதம். அதில் 20 சொட்டு அடர் அம்மோனியாக் கரைசல். கட்டிய கொத்தை அதில் போட்டு 30 நிமிடம் கண் வைத்திருங்கள். ஈய உப்பு இருந்தால் முடி மளமளவென்று வெளுக்கும். செம்பு இருந்தால் கரைசல் சூடாகிக் குமிழ்விட்டு நாற்றமடிக்கும், முடி கையோடு கழன்று வரும். வெள்ளிப் படிவு இருந்தால் அரை மணி நேரம் ஆனாலும் முடி அசையாமல் அப்படியே இருக்கும், மேல்பூச்சு கரைசலை உள்ளே விடவில்லை என்று பொருள். வழக்கமான முடி மெதுவாகக் கொஞ்சம் வெளுக்கும்.

செலவு கணக்கில் இதுதான் மோசம். அம்மோனியா நெடி கண்ணையும் மூச்சையும் பிடிக்கும். ஏசி போட்டு மூடிய அறையில் செய்யவே கூடாது, கையுறை கட்டாயம், கலவையை எந்த மூடிய பாட்டிலிலும் வைக்கக்கூடாது. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இந்த வேலையே வேண்டாம். சாதாரண டையும் நல்ல மருதாணியும் இதில் மாட்டாது. ஆகவே, பெயர் தெரியாத பொடி அல்லது தைலம் பயன்படுத்தியதாகத் தெரிந்து, அதன் மேல் பெராக்சைடு கலந்த எதையாவது போடப் போகிறீர்கள் என்றால் மட்டும் இதற்கு இறங்குங்கள்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வழி | எதைப் பிடிக்கும் | எதைத் தவறவிடும் | நேரம் | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| கேட்பது | எல்லா வகையும், அலர்ஜியும் | மறந்தது, மறைப்பது | 5–10 நிமிடம் | கூச்சம், மொழித் தடை |
| பார்ப்பது | கோடு, வெளிறிய டை, நரையில் மருதாணி | இயற்கை நிறத்தில் புதிதாகப் போட்ட டை, மூடிய ப்ளீச், உலோகம் | அலசி உலர்த்தும் நேரம் | எண்ணெய்த் தலையென்றால் முதலில் குளியல் |
| தொடுவது, நனைப்பது | சேதம், கறை இறங்கும் சாயம் | மருதாணி, பழைய நிரந்தர டை | 5 நிமிடம் | தப்பான தைரியம் |
| கொத்து முடி | அடுத்து போடுவதற்கு இடைஞ்சலான எதுவும் | முடி எடுக்காத இடத்தில் இருப்பது | முக்கால் மணி | கொஞ்சம் முடி, கொஞ்சம் கலவை |
| பெராக்சைடு, அம்மோனியா | உலோக உப்பு | மற்ற எல்லாம் | 30 நிமிடம் | நெடி, ஆபத்து |

## யாருக்கு எது

நரையின் மேல் எப்போதும் போடும் கருப்பு டையே போடப்போகிறவர், அல்லது அதே மருதாணியை மறுபடி வைக்கப்போகிறவர்: கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். பேட்ச் டெஸ்ட் மட்டும் தவறக்கூடாது. முடியை வெட்டிச் சோதிப்பதெல்லாம் அதிகப்படி.

நிறத்தை ஒரு படி மாற்றப்போகிறவர், உதாரணமாகக் கருப்பிலிருந்து அடர் பழுப்புக்கு: கேளுங்கள், அலசிப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மேலே போகலாம். "எதுவும் போட்டதில்லை" என்ற பதிலும் பிடரியில் தெரியும் கோடும் முட்டினால் கோட்டை நம்பிக் கொத்து முடிக்குப் போங்கள்.

ப்ளீச், ஹைலைட்ஸ், ஸ்மூத்தனிங்: எவ்வளவு நம்பிக்கையான ஆள் சொன்னாலும் கொத்து முடி இல்லாமல் தொடாதீர்கள். தாயும் மகளும் சேர்ந்து சத்தியம் செய்தாலும் சரி. இடுப்புவரை முடி என்றால் ஐந்து வருட வரலாறு அது, இரண்டு மூன்று இடத்திலிருந்து எடுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் நரைக்குப் பல பொடிகளை மாற்றி மாற்றிப் போட்டவர் ப்ளீச் கேட்டால் ஐந்தாவது சோதனையும் சேரும்.

கலரிலிருந்து கருப்புக்குத் திரும்புகிற கல்லூரிப் பிள்ளைகள்: சாயம் இருப்பது தெரிந்த விஷயம், ப்ளீச் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணும் இழுத்துப் பார்ப்பதும் உதவும். வெளுத்த முடியின் மேல் நேராகக் கருப்பை அடித்தால் சில அலசலிலேயே மங்கிப் பச்சை பாய்ந்த சாம்பல் வரும், முதலில் செம்மை கலந்த ஒரு அடித்தளம் தேவைப்படும். நடுவில் ப்ளீச் செய்த இடம் தெரியாமல் போட்டால் கருப்பும் திட்டுத் திட்டாகத்தான் உட்காரும்.

சின்ன கிராப் வைத்திருக்கும் ஆண்கள்: சோதனையே வேண்டாம். நான்கைந்து மாதம் பொறுத்து, இடையில் வெட்டிக்கொண்டே வந்தால் பழையது தானே போய்விடும்.

முடியை நன்கொடையாகக் கொடுக்க நினைக்கிறவர்கள் முதலில் வாங்கிக்கொள்ளும் இடத்தின் விதியைக் கேளுங்கள். சாயம் போட்ட முடியைச் சிலர் ஏற்பார்கள், சிலர் ஏற்க மாட்டார்கள். தங்கள் முடியைப் பற்றித் தாங்களே சொல்லுகிற இடம் அது, கேள்விக்கு மேல் எதுவும் தேவைப்படாது.

## சவுரி வாங்குகிறவர்கள்

இங்கே கேட்பது வேலைக்காகாது. கொடுத்தவர் யாரென்று கடைக்காரருக்கே தெரியாது. கோவில் காணிக்கை முடி ஏலத்துக்குப் போய், தரம் பிரித்து, எத்தனையோ கை மாறி வருகிறது. நிறம் சேர்வதற்காக வழியில் டை அடிக்கப்பட்டிருக்கலாம். அதோடு வேரும் நுனியும் கலந்த சீப்பு முடிச் சவுரியில் கோடு தேடியும் பயனில்லை.

வாங்கும்போது இரண்டைச் செய்யுங்கள். ஈர வெள்ளைத் துணியில் ஷாம்பு தொட்டு உள் இழைகளைத் தேயுங்கள், கருப்போ பழுப்போ இறங்கினால் விலையைக் குறைத்துக் கேட்கலாம் அல்லது விட்டுவிடலாம். அடுத்து, வாசல் வெளிச்சத்தில் இழைகளை விரித்துப் பாருங்கள். பல தலைகளிலிருந்து சேர்ந்த முடி இழைக்கு இழை கொஞ்சமாவது வேறுபட வேண்டும். நூறு இழையும் ஒரே மையாக இருந்தால் அது டைத் தொட்டியைக் கண்டுவிட்டுத்தான் வந்திருக்கிறது. அதற்காக ஒதுக்க வேண்டியதில்லை, உங்கள் முடியும் டை கருப்பாக இருந்தால் நன்றாகவே சேரும். வீட்டுக்குக் கொண்டுபோய் அதை வெளுக்கவோ பழுப்பாக்கவோ எண்ணம் இருந்தால்தான் சிக்கல். அப்படியென்றால் சவுரியின் அடியிலிருந்து ஒரு சிட்டிகை இழை எடுத்து நாலாவது சோதனையைச் செய்துவிட்டு மீதியைத் தொடுங்கள்.